திருப்பிக் கொடுத்த கத்தி

எங்கே போனாலும் உட்காருவதற்கு முன் கனாயே தரையை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாள். வலது உள்ளங்கையை விரித்து, தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுவது போல ஒரே ஒரு தட்டு. கல்யாண வீடு, இழவு வீடு, சாக்கே என்கிற அரிசி மது விற்கும் கடை, ஆஸ்பத்திரி, எதுவானாலும் சரி. கல்யாணமான புதிதில் அவள் கணவன் தொஷிமி இது ஏதோ அவர்கள் வீட்டுச் சாமி வழக்கம் என்று நினைத்துக்கொண்டான். மாமனார் வீட்டு விருந்தில் அவனும் பயபக்தியோடு பாயைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"நீ எதுக்குத் தட்டற?" என்றாள் கனாயே.

"நீ தட்டினியே."

"நான் விழுந்தா எவ்வளவு வலிக்கும்னு பாத்தேன்."

சுற்றியிருந்த மீனவர்கள் சிரித்த சிரிப்பில் சாக்கேக் கிண்ணங்கள் குலுங்கின. தொஷிமி பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவன், சாது. அவனும் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் எங்கே தட்டினாலும் "எப்படி, வலிக்குமா?" என்று கேட்பது அவன் வழக்கமாகிவிட்டது. ஊரிலுள்ள தரைகளைப் பற்றியெல்லாம் அவர்கள் இருவருக்கும் ஒரு கருத்து இருந்தது. மலையடிக் கோயிலின் மண்டபம் தங்கமான தரை. புது ரயில் நிலையத்தை நம்பக்கூடாது.

விழுவதுதான் அவள் வேலை. மாகாணக் காவல்துறையின் பயிற்சிக் கூடத்தில் காவலர்களுக்கு ஆளைப் பிடிக்கிற வித்தை சொல்லித்தருவார்கள். அங்கே பிடிபடுகிற ஆள் கனாயே. குடிகாரனாக வருவாள், பெண்டாட்டியை அடிக்கிறவனாக வருவாள், கத்தியோடு வருவாள். வந்து, காவலர் கையில் மாட்டி, தூக்கி எறியப்பட்டு, பாயில் விழுந்து, கை முறுக்கப்பட்டு, எழுந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் வருவாள். அவளும் காவலர்தான், சீருடை உண்டு, பதவி உண்டு. ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் "விழறது" என்றுதான் சொல்வாள். அதைச் சொல்லும்போது முகவாய் ஒரு விரற்கடை உயரும்.

அப்பா சூரை மீன் படகில் தூண்டில் போடுகிறவர். மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த பெண், வீட்டில் ஒரு சாமானையும் விட்டுவைக்க மாட்டாள் என்று அம்மா அவளைத் தங்கள் ஊரான உராதோமாரியின் காவல் நிலையத்துப் பின்கட்டில் நடந்த சிறுவர் ஜூடோ வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளினாள். நிறைய ஜெயித்தவள் என்று சொல்ல முடியாது. மாகாணப் போட்டியின் கடைசிச் சுற்றில் தோற்றாள். அன்று தோற்றுக் கீழே விழுந்த விதத்தை அரங்கின் ஓரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சிக் கூடத்தின் தலைமைப் பயிற்சியாளர் குசுனோசே. போட்டி முடிந்ததும் வந்து சொன்னார்:

"ஜெயிக்கிறதுக்கு எங்ககிட்ட ஆள் கொட்டிக் கிடக்கு. இப்படி விழறதுக்குத்தான் ஆள் இல்ல. போலீஸ்ல சேர்றியா?"

வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணன்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "படகுல விழத் தெரியாதவன்தான் செத்துப்போறான்" என்று சொல்லிவிட்டு மீனை வைக்கோல் தீயில் வாட்டப் போய்விட்டார். அதையே அவள் ஆசியாக எடுத்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வருகிற புதுக் காவலர்கள் முதல் நாள் அவளைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். குள்ளம், தோள் அகலம், கன்னத்தில் ஒரு மச்சம், மீன்கடையில் எடை போடுகிற அக்காவைப் போல இருப்பாள். பிறகு அவள் குடிகாரனாக வருவாள். கால் பின்ன, ஒரு கண்ணைச் சுருக்கி, இல்லாத பாட்டிலை மார்போடு அணைத்து, "ஏய், யாருடா நீ, யாரு அனுப்பினா உன்னை" என்று கரகரத்த குரலில் கேட்டுக்கொண்டே காவலரின் காலரைப் பிடிப்பாள்.

"அக்கா, நிஜமாவே குடிச்சிருக்கீங்களா?" என்று ஒரு தடவை ஒரு பெண் காவலர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்.

"வேலை நேரத்துல தொடமாட்டேன். இது எங்க சித்தப்பா. செத்து ஒன்பது வருஷமாச்சு, நான்தான் விடாம வேலை வாங்கறேன்."

மீனவர் சங்கத்துப் பெண்களுக்குத் தற்காப்பு சொல்லித்தரவும் அவளைத்தான் அனுப்புவார்கள். முதல் பாடம் சத்தம் போடுவது. அந்தப் பெண்களைப் பார்த்ததும் அவள் சொல்வாள், "முதல் பாடம் உங்களுக்கு வேண்டாம். நேரா ரெண்டாவதுக்குப் போயிடலாம்." அவர்கள் போடுகிற சிரிப்புச் சத்தத்திலேயே பாடம் நடந்துவிடும்.

கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கத்தியைப் பறிக்கிற பயிற்சி. கனாயே ரப்பர் கத்தியோடு பாய்வாள். காவலர் விலகி, மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, அவளைக் கீழே சாய்த்து, கத்தியை எடுத்துவிடுவார். எடுத்ததும் காலை அரையடி பின்னால் வைத்து, கத்தியை இரண்டு கையாலும் ஏந்தி, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டி, தலைகுனிவார். அவளும் எழுந்து இரண்டு கையாலும் வாங்கி, தலைகுனிவாள். பிறகு அடுத்த ஆள். இதை யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. குசுனோசே மாஸ்டர் வருவதற்கு முன்பே இருந்தது. கனாயேவுக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். தன்னைத் தூக்கி எறிந்தவன் தனக்கு முன்னால் குனிகிற அந்த ஒரு நொடியில், விழுந்தவளும் எறிந்தவனும் ஒரே உயரம் ஆகிவிடுகிறார்கள் என்று நினைப்பாள். யாராவது அதை ஏனோதானோவென்று செய்தால் விடமாட்டாள்.

நிஷிமோரி ஏனோதானோவென்று செய்தான்.

அவன் மலையோரத்து இஞ்சி விவசாயி வீட்டுப் பையன். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்து வாசலை மிதித்த முதல் ஆள். வரலாறு படித்துவிட்டுக் காவல்துறைக்கு வந்திருந்தான். இதற்கா படித்தாய் என்று அப்பா ஒரு தடவைதான் கேட்டாராம். அவன் அந்தக் கேள்வியை மூட்டை கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் தினமும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான். நெட்டையான உடம்பு, எப்போதும் யோசனை. எதைச் சொன்னாலும் ஏன் என்பான். ஏன் இடது கால் முதலில்? ஏன் மணிக்கட்டு, ஏன் முழங்கை இல்லை? மற்றவர்கள் அவனைப் பேராசிரியர் என்று கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டாலும் கை சுத்தம். கத்தியைப் பறிப்பதில் அந்த வருடத்து ஆட்களில் அவன்தான் முதல். பறித்த பிறகுதான் ஒற்றைக் கையால், யாரோ கேட்ட பேனாவைக் கொடுப்பது போல நீட்டினான்.

"என்னடா இது? பஸ்ல டிக்கெட் குடுக்கறியா?" என்றாள் கனாயே பாயில் உட்கார்ந்தபடியே.

"மன்னிச்சுக்கங்க அக்கா. ஆனா ஒரு சந்தேகம். கஷ்டப்பட்டுப் பறிக்கிறோம். அப்புறம் ஏன் திருப்பிக் குடுக்கறோம்?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பேராசிரியருக்குச் சந்தேகம் வந்துடுச்சு!"

"திருப்பிக் குடுக்கலன்னா அடுத்த ஆளு எதைப் பறிப்பான், உன் மூக்கையா?" என்றாள் அவள். "ரெண்டு கையாலயும் குடு. குனி. முதுகு நேரா. மறுபடியும்."

அன்று மாலை மற்றவர்கள் போன பிறகும் அவனை நிறுத்தி வைத்துச் செய்ய வைத்தாள். பறி, அரையடி பின்னால், இரண்டு கை, குனி. வியர்வை பாயில் சொட்டுகிற வரை. கடைசியில் அவன் கை யோசிக்காமல் செய்யத் தொடங்கியது. "இப்பத்தான் ஆம்பளைப் புள்ள மாதிரி இருக்க" என்று சொல்லி, பையிலிருந்து தொஷிமி கட்டிக்கொடுத்த சோற்று உருண்டையில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தாள். அவன் ஆளே மாறி, இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்தான். இருவரும் சிரித்தார்கள்.

நிஷிமோரியை உராதோமாரி துறைமுகத்துப் புறக்காவல் நிலையத்தில் போட்டார்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருச்சந்தை நிரம்பி வழிகிற நேரத்தில், அது நடந்தது. நடந்ததை ஊருக்குச் சொன்னவள் மீன்கடை ஒதோமே. அவளுடைய கடைக்கு முன்னால்தான் எல்லாமே.

படகில் தன்னைச் சேர்க்கவில்லை என்ற கோபத்தில் ஒருவன் காலையிலேயே குடித்துவிட்டு வந்து, ஒதோமேயின் பலகையிலிருந்த மீன் கத்தியை உருவிக்கொண்டு, பக்கத்துக் கடையில் நின்ற படகுத் தலைவரை நோக்கிப் போனான். கூட்டம் தெறித்து ஓடியது. நிஷிமோரி குறுக்கே வந்தான். கத்தி பாய்ந்தது. அவன் விலகினான், மணிக்கட்டைப் பிடித்தான், திருப்பினான். ஆள் தரையில், கத்தி நிஷிமோரியின் கையில். யார் கண்ணும் பட்டுவிடும், அவ்வளவு அழகு என்பாள் ஒதோமே.

பிறகு நிஷிமோரி அரையடி பின்னால் வைத்தான். கத்தியை இரண்டு கையாலும் ஏந்தினான். பிடியை அந்த ஆள் பக்கம் நீட்டி, முதுகு நேராகத் தலைகுனிந்தான்.

அந்தக் குடிகாரன் என்ன செய்வான்? அவனும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன். ஒருவர் இரண்டு கையாலும் ஒரு பொருளைக் கொடுத்துத் தலைகுனிந்தால், வாங்காமல் இருக்க அவன் உடம்புக்கும் தெரியவில்லை. எழுந்து, இரண்டு கையாலும் வாங்கி, "ரொம்ப நன்றிங்க" என்று குனிந்தான்.

ஒதோமேதான் முதலில் வாய் திறந்தாள்: "எலேய் போலீஸ்காரத் தம்பி, அதை எதுக்குடா திருப்பிக் குடுத்த!"

அந்தச் சத்தத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. கத்தி மறுபடி வீசப்பட்டது. படகுத் தலைவரின் கழுத்துக்குப் போனதை நிஷிமோரி இடது கையால் மறித்தான். உள்ளங்கை பிளந்தது. பிளந்த கையோடு ஆளைச் சாய்த்து, மேலே முழங்காலை ஊன்றி, மற்றவர்கள் வருகிற வரை விடவில்லை. ஆனால் யாரோ கைபேசியில் எடுத்த படத்தில் அந்தக் கடைசிப் பகுதி இல்லை. குனிந்து கத்தி கொடுக்கிற போலீஸ்காரன் மட்டும்தான் இருந்தான். சாயங்காலத்துக்குள் நாடே பார்த்துச் சிரித்துவிட்டது.

கனாயே அந்தப் படத்தை வீட்டுச் சமையலறையில் நின்று பார்த்தாள். தொஷிமி எட்டிப் பார்த்து, முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"என்னாச்சு?"

"முதுகு நேரா இருக்கு பாரு" என்றாள் கனாயே. "நான்தான் நேராக்கினேன்."

ஆஸ்பத்திரியில் நிஷிமோரி கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தான். உள்ளங்கையின் நரம்புகள் அறுந்திருந்தன. விரல்கள் மூடுமா என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் நாற்காலியில் உட்காரும் முன் குனிந்து தரையைத் தட்டினாள்.

"ஏன் அப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியல அக்கா" என்றான் அவன். "ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். பதில் வரமாட்டேங்குது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்னுதான் தோணுது. ராஜினாமா குடுக்கச் சொல்வாங்க. குடுத்துடறேன்."

"குடுக்கறதுலயே இரு" என்றாள் கனாயே. "கத்தியைக் குடு, வேலையைக் குடு. கொஞ்சம் எதையாவது கையில வச்சுக்கடா."

அவன் சிரிக்க முயன்று, வலியில் முகம் கோணினான். அவள் அவனுடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கேட்டுக்க. இந்தக் கை மூடின அன்னிக்கு நேரா கூடத்துக்கு வா. முதல்ல என்னைத்தான் தூக்கி எறியற. நான் விழற சத்தம் துறைமுகத்துக்குக் கேக்கணும். இது நான் உனக்குப் பட்ட கடன்."

"நீங்க எனக்கு என்ன கடன்பட்டீங்க?"

அவளுக்குத் தெரிந்த பதில்தான். அதை முதலில் சொல்ல வேண்டிய இடம் வேறு என்று நினைத்தாள்.

சந்தையில் நடந்ததைப் பற்றிய துறை விசாரணைக்கு முந்தின நாள் குசுனோசே மாஸ்டர் அவளைக் கூடத்து ஓரத்துக்கு அழைத்தார். நல்ல மனுஷர்தான், அன்று அவர் முகத்தில் தூக்கம் இல்லை.

"நாளைக்கு உன்னைக் கேப்பாங்க. பயிற்சியில குறையில்ல, பையன் பதறிட்டான்னு சொல்லிடு. உண்மையும் அதானே?"

"பதறினவன் முதுகு அப்படி நேரா நிக்குமா மாஸ்டர்?"

"ஹமாசாகி." அவளைக் குடும்பப் பெயரால் கூப்பிட்ட அவர் குரல் தாழ்ந்தது. "வேற மாதிரி சொன்னா, இத்தனை வருஷமா நாம ரெண்டு பேரும் செஞ்சது தப்புன்னு ஆகும். இந்தக் கூடத்தோட பேரு போகும். நீ விழுந்ததெல்லாம் வீண்னு ஆகும். யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். அன்று முழுவதும் அதைத்தான் செய்தாள். இருபது வருடங்களுக்கு மேலாக அவள் பெருமைப்பட்டது ஒன்றே ஒன்றில்: இந்த மாகாணத்தில் எந்தக் காவலர் கையைப் பிடித்துப் பார்த்தாலும் அதற்குள் கொஞ்சம் கனாயே இருப்பாள். அந்தப் பெருமை உண்மையென்றால் சந்தையில் கத்தியை நீட்டிய கையிலும் அவள்தான் இருந்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. சொல்லால் இதை மேலதிகாரிகளுக்குப் புரியவைக்கவும் முடியாது. அவர்கள் கூட்டங்களில் பழகியவர்கள், சொல்லுக்குச் சொல் வைத்திருப்பார்கள். ரப்பர் கத்தியை எடுத்துக் கோட்டுக்குள் சொருகிக்கொண்டு போனாள். அது பலிக்குமா என்று அவளுக்குத் தெரியாது. பலிக்காவிட்டால் நிஷிமோரியோடு சேர்ந்து அவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்காணிப்பாளர் சிகாமோரி. இளம் காவலராக இருந்தபோது கூடத்தின் நட்சத்திரம், அவளைப் பாயில் எத்தனையோ தடவை அடித்துத் துவைத்தவர். இப்போது தொப்பை, மூக்குக்கண்ணாடி, மேஜை வேலை. நிஷிமோரி சுவரோரமாக நின்றான். பக்கத்தில் குசுனோசே மாஸ்டர். கனாயே உள்ளே வந்ததும் குந்தி உட்கார்ந்து தரையை ஒரு தட்டு தட்டினாள். மரப்பலகை, அடியில் சிமெண்ட். வலிக்கும்.

"என்ன பண்ற?" என்றார் சிகாமோரி.

"பழக்கம் ஐயா."

"சரி. சுத்தி வளைக்காம சொல்லு. பயிற்சியில ஏதாவது குறை இருக்கா?"

"சொல்றேன் ஐயா. அதுக்கு முன்னாடி நீங்க கொஞ்சம் எழுந்து இந்தப் பக்கம் வரமுடியுமா? உக்காந்துக்கிட்டிருக்கிறவங்ககிட்ட இதைச் சொல்ல முடியாது."

அவர் சலித்துக்கொண்டே எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். அவர் நின்றதும் கனாயேவின் ஒரு கண் சுருங்கியது. கால் பின்னியது. "ஏய், யாருடா நீ, யாரு அனுப்பினா உன்னை!" என்று செத்துப்போன சித்தப்பாவின் குரல் அந்த அறையைக் கிழித்தது. கோட்டுக்குள்ளிருந்து கத்தி வந்தது. முழு வேகத்தில் அவர் வயிற்றை நோக்கிப் பாய்ந்தாள்.

மேஜைக்குப் பின்னால் ஒருவர் அலறினார். சிகாமோரி அலறவில்லை. அவர் உடம்பு தொப்பையை மறந்துவிட்டு விலகியது. மணிக்கட்டைப் பிடித்தது, திருப்பியது. கனாயே மேலே போய்க் கீழே வந்தாள். உள்ளங்கையும் முன்கையும் பலகையில் அடித்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்கள்.

ஓடிவந்தவர்கள் பார்த்தது இதைத்தான். மாகாணக் காவல்துறைக் கண்காணிப்பாளர் அரையடி பின்னால் வைத்து, ரப்பர் கத்தியை இரண்டு கையாலும் ஏந்தி, தன்னைக் குத்த வந்தவளுக்குப் பிடியை நீட்டி, தலைகுனிந்து நிற்கிறார்.

குனிந்த தலை நிமிரவில்லை. அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் வாங்கக் கையை நீட்டிட்டேன், பாத்தீங்களா ஐயா" என்றாள் கனாயே தரையிலிருந்து. அவளுடைய இரண்டு கைகளும் கத்திக்காக நீண்டிருந்தன. அதை அவள் திட்டமிடவில்லை. "அந்தப் பையன் பதறல. நாங்க குடுத்ததை ஒரு சொட்டு சிந்தாம செஞ்சான். மத்தவங்களுக்குக் கைகுலுக்கற மாதிரி, எங்களுக்கு இது. ஏன் திருப்பிக் குடுக்கறோம்னு இத்தனை வருஷத்துல அவன் ஒருத்தன்தான் கேட்டான். நான்தான் அவன் வாயை அடைச்சு, கையைப் பழக்கினேன்."

குசுனோசே மாஸ்டர் சுவரோரத்திலிருந்து மெல்லச் சொன்னார், "நானும் அதேதான் செஞ்சிருப்பேன்."

"நான் கத்தியைத் தொட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சு" என்றார் சிகாமோரி. சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தார். கத்தியை அவளிடம் கொடுக்கப் போய், சட்டென்று நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அப்போதுதான் அறையில் முதல் சிரிப்பு வந்தது. சிரித்தது நிஷிமோரி. நடந்ததிலிருந்து அவன் சிரித்த முதல் சிரிப்பு.

அவன் வேலை போகவில்லை. படகுத் தலைவரின் உயிரைக் காத்ததற்கு ஒரு பாராட்டும் வந்தது. மேலதிகாரி மீது கத்தியோடு பாய்ந்ததற்காகக் கனாயேவுக்கு எழுத்துமூலமான கண்டிப்பு வந்தது. அவள் வாழ்க்கையில் வாங்கிய பட்டங்களில் அதைத்தான் பெரிதாக நினைத்தாள். சாக்கே இறங்கினால் போதும், மேஜை மேல் கையை ஊன்றி எழுந்து, "கண்காணிப்பாளரைக் குத்தப் போனவ யாருன்னு தெரியுமா?" என்று தொடங்கிவிடுவாள்.

கூடத்தின் வழக்கம் மாறியது. பறித்த கத்தியைக் காவலர் தனக்குப் பின்னால், சுவரை நோக்கி வீசிவிட வேண்டும். கண் மட்டும் ஆளை விட்டு நகரக்கூடாது. குனிவதெல்லாம் வகுப்பு முடிந்து கடைசியில் ஒரே தடவை, எல்லாரும் எல்லாருக்கும். வீசின கத்தியை எடுத்துவருவது யார்? கனாயேதான். விழுவாள், எழுவாள், சுவருக்கு ஓடுவாள், கத்தியோடு திரும்பி வருவாள். ஐம்பதைத் தாண்டிய பிறகும் ஓடினாள். பழைய ஆட்கள் சிலர் முணுமுணுத்தார்கள்.

"மரியாதையே போச்சு ஹமாசாகி."

"மரியாதை எங்கயும் போகல. வாசல்ல செருப்போட சேத்து வச்சிருக்கேன், போகும்போது மாட்டிக்கிட்டுப் போங்க."

சில வருடங்கள் கழித்து மலையோரத்துச் சிற்றூர் ஒன்றில், புதிதாக வந்த ஒரு பெண் காவலர் அரிவாளோடு வந்த ஆளைச் சாய்த்து, அரிவாளைப் பின்னால் வீசினாள். அது ஒரு தபால் நிலையத்தின் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது. இறக்குவதற்குத் தீயணைப்பு வண்டி வர வேண்டியிருந்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை. செய்தி கூடத்துக்கு வந்தபோது கனாயே பாயில் மல்லாந்து கிடந்தாள். அப்படியே கிடந்தபடி கூரையைப் பார்த்துச் சிரித்தாள். "கூரைக்கா வீசினா! என் பொண்ணுடா அவ!" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஓய்வுபெறுகிற நாளில், அந்தக் கூடத்தின் வழக்கப்படி, வந்திருந்த எல்லாரும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை அவளைத் தூக்கிப் போட்டார்கள். வரிசை வாசலைத் தாண்டி வண்டி நிறுத்துமிடம் வரை போனது. சிகாமோரி ஊன்றுகோலோடு வந்து, ஊன்றுகோலைத் தொஷிமியிடம் கொடுத்துவிட்டு, பேருக்குத் தோளைத் தொட்டார். அவளோ அதற்கும் கூடம் அதிர விழுந்தாள். குசுனோசே மாஸ்டரின் படம் சுவரில் மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் போய் யாரும் தொடாமல் தானே ஒரு தடவை விழுந்தாள்.

வரிசையின் கடைசியில் நிஷிமோரி நின்றான். இப்போது மலைப்பக்கத்து நிலையத்தில் சார்ஜென்ட். அவளுடைய சட்டைக் கையைத் தன் இடது கையால் பிடித்தான். விரல்கள் பாதி மூடி நின்றன. ஊரிலிருந்து வரும் பச்சை இஞ்சியைப் பிசைந்து பிசைந்து பழக்கிய விரல்கள்.

"இன்னும் மூடல அக்கா" என்றான். "கடன் அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றாள் அவள். "வட்டி கேட்டா உதைப்பேன்."

அடுத்த குளிர்காலத்தில் அவளுக்கு இடுப்பு எலும்பை மாற்றினார்கள். இனி நீங்கள் ஒரு தடவைகூட விழக்கூடாது என்றார் டாக்டர். அவள் அதைக் கேட்டுக்கொண்டே அவருடைய அறையின் தரையைத் தட்டிப் பார்த்தாள்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் நிஷிமோரி புது இஞ்சியோடு வருவான். போன தடவை பெட்டியை வாசலிலிருந்து சமையலறை வரை தனியாகத் தூக்கிவந்து, கயிற்றைப் பிரித்து, இரண்டு கையாலும் இழுத்து மறுபடி முடிச்சுப்போட்டான். இடது கை விரல்கள் கயிற்றைச் சுற்றி முழுவதுமாக மூடியிருந்தன. கனாயே பார்த்தாள். தான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான் என்பதும் தெரிந்தது. அவளுடைய இடுப்பைப் பற்றி அவன் தொஷிமியிடம் முன்பே விசாரித்துவிட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் நாற்காலியைப் பிடித்து மெதுவாகக் குனிந்து, தரையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"எப்படி, வலிக்குமா?" என்றான் தொஷிமி அடுப்படியிலிருந்து.

"அருமையான தரை" என்று சொல்லி, தன் இரண்டு விரல்களை நிஷிமோரியின் இடது உள்ளங்கையில் வைத்தாள். "எங்க, பிடி பாக்கலாம்."

அவன் விரல்களைப் பாதியில் நிறுத்தினான்.

"இன்னும் மூடல அக்கா."

"அப்ப நான் இன்னும் கடன்காரிதான்" என்றாள் கனாயே. முகவாய் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது.